சர்வாதிகாரிகள் இளைஞர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஹிட்லர் என்றதும் மேடையும் மைக்கும் உயர்த்திய கைகளுமாய் ஒரு படம் நம் மனதில் வந்து நிற்கிறது. ஒருவர் பேசியே ஒரு நாட்டை மயக்கிவிட்டார் என்ற விளக்கமும் கூடவே வருகிறது. அந்தப் படங்களை எடுத்துப் பரப்பியது அந்த ஆட்சியேதான் என்பதை மறந்துவிடுகிறோம். பேச்சுக்கு வலு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 37.3 சதவீதம். நவம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது அது 33.1 சதவீதமாக இறங்கியது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அத்தனை பேச்சையும் கேட்டுவிட்டு வேறு கட்சிகளுக்குத்தான் போட்டார்கள். அடுத்த எட்டே மாதத்தில் ஜெர்மனியில் வாக்களிக்க வேறு கட்சியே இல்லை.

அந்த எட்டு மாதத்தைக் கூர்ந்து பார்க்காமல் சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மனதை மாற்றும் வேலையெல்லாம் பின்னால் வருவது. முதலில் நடப்பது, மனிதர்கள் தங்கள் இஷ்டப்படி கூடும் இடங்களை ஒவ்வொன்றாகப் பறிப்பது. கட்சி, தொழிற்சங்கம், பத்திரிகை, பாட்டுக் குழு, விளையாட்டு மன்றம், கடைசியில் வீடு. இளைஞர்களைப் பிடிப்பதும் இதே வழியில்தான். அவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது: பெரியவர்களை மிரட்டும் அதிகாரம் அவர்கள் கையில் கொடுக்கப்படுகிறது.

எட்டு மாதத்தில் என்ன நடந்தது

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆனது முழுக்கச் சட்டப்படி. பதவியில் உட்கார வைத்தவர்கள் பழமைவாத அரசியல்வாதிகள். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். இவரை நம் பிடியில் வைத்துக்கொள்ளலாம் என்று துணைச் சான்சலர் பாப்பனும் அவரைச் சேர்ந்தவர்களும் கணக்குப் போட்டார்கள். தலைகளை எண்ணியவர்கள் இலாகாக்களைக் கவனிக்கவில்லை. மற்ற இரு நாஜிகளில் ஃபிரிக்கிடம் மத்திய உள்துறை. கோரிங்கிடம் பிரஷ்ய மாநிலத்தின் உள்துறை. ஜெர்மனியின் மக்கள்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யாவில் இருந்தது. ஆக, நாட்டின் பெரும்பகுதிப் போலீஸ் முதல் நாளே கைக்கு வந்துவிட்டது.

பிப்ரவரியில் கோரிங், கட்சியின் அடியாள் படையினர் உட்பட சுமார் 50,000 பேரைத் துணைப் போலீசாக நியமித்தார். அடையாளம் ஒரு வெள்ளைக் கைப்பட்டி, அவ்வளவுதான். நேற்றுவரை தெருவில் அடித்தவன் இன்று அரசாங்கத்தின் பெயரில் அடித்தான். அடிபட்டவர் புகார் கொடுக்கப் போக வேண்டிய இடத்திலும் அவனே உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்தில் ஓர் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை, கடிதம், தொலைபேசியின் அந்தரங்கம், வீட்டுச் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு எல்லாமே ஒரே தாளில் போயின. "மறு உத்தரவு வரும்வரை" என்றுதான் அதில் எழுதியிருந்தது. அந்த மறு உத்தரவு 1945இல் ஆட்சி வீழும்வரை வரவில்லை. முடிவுத் தேதி இல்லாத அவசர ஆணை எந்த நாட்டில் வந்தாலும் அதைத் தற்காலிகம் என்று நான் நம்பமாட்டேன். இந்த ஒரு தாள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மார்ச் 5 அன்று தேர்தல். எதிர்க்கட்சியினர் சிறையிலும் தலைமறைவிலும் இருக்க, தெருவெங்கும் அடியாள் படை நிற்க, அப்போதும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம்தான். அடுத்ததாக, நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் போடலாம் என்ற அதிகாரச் சட்டம் மார்ச் 23 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரும் உள்ளே வர முடியவில்லை. கத்தோலிக்க மையக் கட்சிக்கு வாக்குறுதிகள் கொடுக்கப்பட்டன. எழுத்தில் தருகிறோம் என்றார்கள். கடிதம் வரவேயில்லை. அந்தக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. 444க்கு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மே மாதம் நடந்தது. தொழிற்சங்கங்களின் தலைமை, எதிர்த்தால் அழிவோம், ஒதுங்கியிருந்தால் பிழைப்போம் என்று நினைத்தது. அதுவரை தோழமையாக இருந்த சமூக ஜனநாயகக் கட்சியிடமிருந்து மார்ச் மாதமே விலகிக்கொண்டது. ஹிட்லரின் அரசு மே 1ஐச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக அறிவித்தது. தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த விடுமுறை அது. தங்கள் உறுப்பினர்களை அரசு விழாவுக்குப் போகச் சொன்னது சங்கத் தலைமை. போனார்கள், ஊர்வலத்தில் நடந்தார்கள். மறுநாள் மே 2 காலையில் நாடெங்கும் சங்க அலுவலகங்களுக்குள் அடியாள் படை புகுந்தது. தலைவர்கள் கைது, சொத்து பறிமுதல். லட்சக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு ஒரே காலையில் மறைந்தது. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி நடத்துவது குற்றம் என்று சட்டம் வந்தது. அதற்குள் கலைக்கக் கட்சி எதுவும் மிச்சமில்லை. எல்லாம் தாமாகவே கலைந்திருந்தன, அல்லது தடை செய்யப்பட்டிருந்தன.

ஒவ்வொரு அமைப்பும் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. அடுத்தவர் வீழ்ந்தபோது, அவருக்கு வந்தது நமக்கு வராது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தது. தாக்குதலின் வரிசையே அதற்கு ஏற்றபடிதான் அமைந்திருந்தது: முதலில் கம்யூனிஸ்டுகள், பிறகு சங்கங்கள், பிறகு சமூக ஜனநாயகவாதிகள், கடைசியில் ஆதரித்து வாக்களித்த மையக் கட்சி.

அரசியலோடு சம்பந்தமே இல்லாத மன்றங்களும் தப்பவில்லை. பாட்டுக் குழுக்கள், உடற்பயிற்சிக் கழகங்கள் எல்லாவற்றிலும் யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேர்தல் நின்றது, தலைவர் மேலிருந்து நியமிக்கப்பட்டார். ஒரு பாட்டுக் குழுவைக் கண்டு ஓர் அரசாங்கம் ஏன் பயப்பட வேண்டும்? வாரம் ஒருமுறை சந்தித்து ஒருவரையொருவர் நம்பும் முப்பது பேர் எங்கே இருந்தாலும், நாட்டில் நடப்பது சரியில்லை என்று தனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா, பக்கத்தில் இருப்பவருக்கும் தோன்றுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். அது தெரியாமல் இருப்பதில்தான் சர்வாதிகாரத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

இத்தாலியில் இதே வேலைக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. 1922 அக்டோபரில் முசோலினி பிரதமர். 1923இல், அதிக வாக்கு வாங்கிய அணி 25 சதவீதம் பெற்றாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் தரும் அசெர்போ சட்டம். 1924 ஜூனில் எதிர்க்கட்சித் தலைவர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து, மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தன. மன்னர் தலையிடவில்லை. காலியான இருக்கைகள் முசோலினிக்குத்தான் வசதியாயின. ஸ்டாலின் வேறு வழியில் போனார். 1922இல் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனதும் யார் எந்த ஊரில் எந்தப் பதவியில் என்பதைத் தீர்மானிக்கும் கோப்புகள் அவரிடம் வந்தன. மற்றவர்கள் கொள்கை விவாதத்தில் இருந்தபோது அவர் நியமனங்களில் இருந்தார்.

பத்து வயதில் ஒரு குத்துவாள்

1932 முடிவில் நாஜிக் கட்சியின் இளைஞர் பிரிவான ஹிட்லர் இளைஞர் அமைப்பில் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். தேவாலய இளைஞர் சங்கங்கள், சாரணர், மலையேற்றக் குழுக்கள், தொழிலாளர் இளைஞர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து பல லட்சம். போட்டியில் ஜெயித்து மற்றவர்களை முந்தும் நிலையில் ஹிட்லர் இளைஞர் இல்லவே இல்லை. ஆகவே போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1933 ஏப்ரல் 5 அன்று ஹிட்லர் இளைஞர் தலைவர் பால்டுர் ஃபோன் ஷிராக்கின் ஆட்கள், ஜெர்மனியின் இளைஞர் அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான குழுவின் பெர்லின் அலுவலகத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டார்கள். கோப்புகள் அங்கே இருந்தன. எந்த ஊரில் எந்தக் குழு, யார் தலைவர், எத்தனை உறுப்பினர் எல்லாம் கைக்கு வந்தது. ஜூனில் ஷிராக் நாட்டின் இளைஞர் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவில் உறுப்பினர் எண்ணிக்கை 23 லட்சம். 1936இல் 54 லட்சம். 1939இல் 87 லட்சம்.

உள்ளே போன சிறுவர்களுக்கு அங்கே கிடைத்தவற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயமுறுத்தியே சேர்த்தார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. கூடாரம், தீமூட்டிப் பாட்டு, நீண்ட நடைப்பயணம், வாத்தியக் குழு. பெரிய பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பிரிவு, கிளைடர் பறக்கும் பிரிவு, கடற்படைப் பிரிவு. ஊரைவிட்டு வெளியே போயே அறியாத தொழிலாளி வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் கனவிலும் எட்டாதவை. பெண்களுக்கான அமைப்பு, பெண்ணின் இடம் வீடு என்றுதான் போதித்தது. ஆனால் அதில் சேர்ந்த பெண்ணுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது அம்மாவின் அடுக்களையிலிருந்து விடுதலை கிடைத்தது. அவள் மனதில் நின்றது போதனையைவிட அந்த விடுதலைதான்.

பத்து வயதில் சேரும் சிறுவனுக்கு ஒரு நுழைவுச் சோதனை உண்டு. 60 மீட்டரை 12 வினாடிக்குள் ஓட வேண்டும். 2.75 மீட்டர் நீளம் தாண்ட வேண்டும். பந்தை 25 மீட்டர் எறிய வேண்டும். ஒன்றரை நாள் நடைப்பயணம் போக வேண்டும். கட்சிப் பாட்டையும் உறுதிமொழியையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இந்த அளவுகளைக் கவனியுங்கள். சில வாரம் பழகினால் சராசரிச் சிறுவன் எவனும் தேறிவிடலாம், ஆனால் பழகாமல் தேற முடியாது. நானே சம்பாதித்தேன் என்ற பெருமிதம் வரும் அளவுக்கு மட்டும் கடினம். தேறியவன் இடுப்பில் கத்தி கட்டிக்கொள்ளலாம். "இரத்தமும் மானமும்" என்ற வாசகம் அதன் அலகில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளையை நம்பி நிஜக் கத்தியைக் கொடுக்கும் பெரியவர்கள் அதுவரை அவன் வாழ்க்கையில் இருந்ததில்லை.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு பதவிகள். "இளைஞரை இளைஞரே வழிநடத்த வேண்டும்" என்பது அமைப்பின் கோஷம். சுமார் 10 சிறுவர்களுக்கு ஒரு தலைவன். அப்படி மூன்று நான்கு குழுக்களுக்கு மேலே ஒருவன். சுமார் 150 பேருக்கு மேலே இன்னொருவன். கணக்குப் போட்டால் 150 சிறுவர்களில் ஏறக்குறைய 20 பேருக்குப் பதவியும் தோளில் ஒரு பட்டையும் உண்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிறவனுக்கு, அந்த அமைப்பு அழிந்தால் தன் பதவியும் போகும் என்பது யாரும் சொல்லாமலே புரியும். விசுவாசத்தைப் போதிக்கத் தேவையே இல்லை.

சேராதவர்களை என்ன செய்வது? 1934இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை அரசு இளைஞர் நாள். உறுப்பினர்களுக்குப் பள்ளி இல்லை, வெளியே விளையாட்டும் பயிற்சியும். சேராத பிள்ளைகள் மட்டும் வகுப்பறைக்கு வந்து உட்கார வேண்டும், அவர்களுக்குக் கட்சிக் கொள்கைப் பாடம் நடக்கும். ஏறக்குறைய காலியான வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாலு பிள்ளைகளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் எந்த வீட்டுப் பெற்றோர் சேர்க்க மறுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்போது சேர்ப்பாய் என்று அந்தப் பிள்ளையே வீட்டில் போய் அழுதது. 1936 டிசம்பர் 1 அன்று, எல்லாப் பிள்ளைகளும் இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று சட்டம் சொன்னது. கட்டாயமாக்கும் விதி வந்தது 1939 மார்ச்சில். அதற்குள் பெரும்பாலோர் சேர்ந்தாகிவிட்டது. வேலை பழகச் சேரவும் அரசு உத்தியோகம் பெறவும் உறுப்பினர் அட்டை கேட்கப்பட்டதால், பெற்றோரே கொண்டுவந்து விட்டார்கள்.

இன்னொன்று நேரம். புதன் மாலை கூட்டம், சனி பயிற்சி, ஞாயிறு நடை, விடுமுறைக்கு முகாம், குளிர்காலத்தில் தெருவில் உண்டியல் குலுக்கல். வீட்டுப்பாடம் செய்யவில்லையா என்று ஆசிரியர் கேட்டால், "கடமைக்குப் போயிருந்தேன்" என்ற பதிலுக்கு மறுபேச்சு கிடையாது. சீருடையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவன் கட்சியில் யாரிடம் போய் என்ன சொல்வானோ என்று ஆசிரியர் யோசித்துப் பேச ஆரம்பித்தார். 1938 டிசம்பரில் ரைஷன்பெர்க் நகரில் பேசிய ஹிட்லர், பத்து வயதில் எங்களிடம் வருகிறவர்கள் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள், உழைப்புப் படை, ராணுவம், பிறகு மீண்டும் கட்சி என்று அடுக்கிவிட்டு, வாழ்நாள் முழுக்க அவர்கள் சுதந்திரமாகவே இருக்கமாட்டார்கள் என்று சொன்னார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒளிவுமறைவே இல்லை.

1926இல் பிறந்த பிள்ளைகளின் பாதையை மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். அவர்களுக்குப் பத்து வயதான 1936ஐ ஷிராக் அமைப்பின் சிறுவர் படைக்கான ஆண்டாக அறிவித்தார். ஹிட்லரின் பிறந்தநாளான ஏப்ரல் 20க்குள் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் தாமாக முன்வந்து சேர வேண்டும் என்று பள்ளிதோறும் பிரசாரம் நடந்தது. பெரும்பாலோர் சேர்ந்தார்கள். 1943இல் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸின் 12ஆம் கவசப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதற்கு ஹிட்லர் இளைஞர் என்றே பெயர். அதில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 1926இல் பிறந்த, பதினேழு வயதுப் பையன்கள். 1944 கோடையில் பிரான்சின் நார்மண்டியில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தும் காயமுற்றும் போனார்கள். சரணடைந்த கனடா வீரர்களை அங்கே சுட்டுக் கொன்றதும் இதே படைப்பிரிவுதான்.

கணக்குப் புத்தகம்

பள்ளியில் கொள்கையைத் திணிப்பது என்றால் வரலாற்றுப் பாடம்தான் நினைவுக்கு வரும். அதைவிட ஆழமாக இறங்கியது கணக்கு. அந்தக் காலத்துப் பாடநூலில் ஒரு கணக்கு இப்படி வருகிறது: மனநோயாளிகளுக்கான விடுதி ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது. ஒரு வீட்டுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

விடை 400. மாணவன் வகுத்து எழுதுகிறான், ஆசிரியர் சரி போடுகிறார். கொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளியை வெறுக்கச் சொல்லிக்கூட ஒரு வரி கிடையாது. நோயாளிகள் ஒரு செலவு, அந்தச் செலவு 400 குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற எண்ணம் மட்டும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. சொற்பொழிவாக வந்திருந்தால் பிள்ளை மறுத்துக் கேட்டிருக்கலாம். கணக்காக வந்ததால், விடை சரியா தப்பா என்பதோடு யோசனை முடிந்தது. 1940, 41 ஆண்டுகளில் ஜெர்மன் அரசு மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் 70,000 பேருக்கு மேல் நச்சுவாயு வைத்துக் கொன்றது. அந்த வேலைக்கு அலுவலகங்கள், படிவங்கள், செலவு மிச்சக் கணக்குகள் எல்லாம் இருந்தன.

ஆசிரியர்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இத்தாலியிலிருந்து ஒரு கணக்கு. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஃபாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் சொச்சம். கையெழுத்திட்டவர்களில் பலர் மனதார ஏற்கவில்லை. வெளியேறினால் நம் நாற்காலியில் மோசமானவன் வந்து உட்காருவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சமாதானத்தை ஆட்சி எதிர்பார்த்தே வைத்திருந்தது.

வீட்டுக்குள்ளும் வாய் மூடுவது

கடைசியாக மிஞ்சும் இடம் வீடு. அதைப் பூட்டுவதற்குப் பிள்ளைகள்தான் சாவி. சோவியத் யூனியனில் 1932இல் கெராசிமோவ்கா என்ற கிராமத்தில் பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவன் கொலையானான். தன் அப்பாவை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்ததால் உறவினர்கள் கொன்றுவிட்டார்கள் என்று அரசு அவனை வீரனாக்கியது. சிலை, பாட்டு, பள்ளிப் பாடம் எல்லாம் வந்தன. அந்தக் கதையின் பெரும்பகுதி இட்டுக்கட்டியது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கதை நிஜமாக இருக்க வேண்டிய அவசியமும் அரசுக்கு இருக்கவில்லை. பெற்றவர்களைக் காட்டிக்கொடுத்த பிள்ளைகள் உண்மையில் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பாடம் நடந்த நாளிலிருந்து, மேசையில் பிள்ளை உட்கார்ந்திருந்தால் அப்பா பேச்சை நிறுத்தினார். அது போதும். தன் காலத்தைப் பற்றிப் பெற்றோர் சொல்லாமல் விட்டால், பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வரலாறு பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

சீனாவில் இது உச்சத்துக்குப் போனது. 1966 கோடையில், மாவோவின் கலாசாரப் புரட்சி தொடங்கியபோது, வகுப்புகள் நின்றன, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ரத்தானது. அது திரும்ப வந்தது 1977இல்தான். ஆகஸ்ட் 5 அன்று பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை பியான் ஜோங்யுன், தன் மாணவிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். யார்மீதும் நடவடிக்கை இல்லை. ஆகஸ்ட் 18 அன்று தியானன்மென் சதுக்கத்தில் மாவோ, தன் பெயரில் திரண்ட செங்காவலர் மாணவர்களைச் சந்தித்தார். நவம்பர் முடிவதற்குள் அப்படி எட்டுச் சந்திப்புகள், சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர். ரயிலில் இலவசப் பயணம், போலீஸ் தலையிடக் கூடாது என்ற உத்தரவு. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் பெய்ஜிங்கில் மட்டும் 1,772 பேர் கொல்லப்பட்டதாகப் பின்னர் அரசே கணக்கு சொன்னது. அன்ஹுய் மாகாணத்தில் 1970இல், வீட்டுக்குள் மாவோவை விமர்சித்த தாயைப் பதினாறு வயது மகன் எழுதிக் கொடுத்தான். கணவரும் உடன் புகார் செய்தார். இரண்டே மாதத்தில் அந்தத் தாய்க்கு மரண தண்டனை நிறைவேறியது. அந்த மகன் 2013இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

செங்காவலர்களின் கதி என்ன ஆயிற்று என்பதை இளைஞர்கள் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்சிக்குள் இருந்த எதிரிகளை வீழ்த்த மாவோவுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த வேலை முடிந்தபின், யார் உண்மையான விசுவாசி என்று குழுக்கள் தமக்குள் ஆயுதத்தோடு மோதின. 1968 ஜூலையில் தொழிலாளர் குழுக்களைக் கல்லூரிகளுக்குள் அனுப்பி அடக்கினார்கள். டிசம்பரில் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அப்படி அனுப்பப்பட்ட நகரத்து இளைஞர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பலர் படிப்பை இழந்தார்கள், சிலர் ஊர் திரும்பவே இல்லை.

காட்டிக்கொடுக்க ஆள் இருந்தால் போலீஸ் குறைவாக இருந்தாலும் போதும். 1937இல் டூசல்டார்ஃப் வட்டாரத்தில் சுமார் 40 லட்சம் பேருக்கு ரகசியப் போலீஸ் கெஸ்டபோவின் அதிகாரிகள் 300 பேர்கூட இல்லை. அண்டைவீட்டுச் சண்டை, வாடகைத் தகராறு, தொழில் பொறாமை இவையே புகார்களாக அவர்கள் மேசைக்கு வந்தன. 1934 டிசம்பர்ச் சட்டப்படி தலைவரைக் கேலி செய்து ஒரு வார்த்தை சொன்னாலே சிறை. எது கேலி என்பதற்கு எல்லை வகுக்கப்படவில்லை. எல்லை தெரியாதபோது மனிதன் தேவைக்கு மேலேயே தள்ளி நிற்கிறான். ஸ்டாலின் இதை இலக்கங்களால் செய்தார். 1937 ஜூலை உத்தரவு, எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்தது. ஆளைத் தேடி எண்ணிக்கை வரவில்லை, எண்ணிக்கையை நிரப்ப ஆளைத் தேடினார்கள்.

இதற்கிடையே எல்லோரும் தினமும் கை உயர்த்தி வணக்கம் சொல்ல வேண்டும், கொடி கட்ட வேண்டும், உண்டியலில் காசு போட வேண்டும். பாதிப் பேர் மனமில்லாமல் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தெரிவது தன் மனம் மட்டும்தான், மற்றவர்களுடைய கை மட்டும்தான். ஊரே நம்புகிறது, நான் ஒருவன்தான் நம்பவில்லை என்ற முடிவுக்கு எல்லோரும் தனித்தனியாக வருகிறார்கள்.

பிடி நழுவிய இடங்கள்

ஜெர்மனியில் இளைஞர்மீதான பிடி தளர்ந்தது, 1939இல் அமைப்பில் சேர்வதைக் கட்டாயமாக்கியபின். விரும்பி வந்தவர்களோடு வெறுப்பவர்களும் வரிசையில் நின்றார்கள். திறமையான தலைவர்கள் போர்முனைக்குப் போனார்கள், அவர்கள் இடத்துக்குச் சின்னப் பையன்கள் வந்து வெறும் அணிவகுப்பை நடத்தினார்கள். 1940இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருட்டியபின் தெருவில் திரியக் கூடாது என்று ஆணை. அமைப்புக்கென்றே ரோந்துப் படை.

ரைன் பகுதித் தொழில் நகரங்களில் எடெல்வைஸ் கொள்ளையர் என்ற பெயரில் பையன்களும் பெண்களும் வாரக் கடைசியில் கிதாரோடு காட்டுக்குப் போனார்கள், அமைப்பின் பாட்டுகளைக் கேலியாக மாற்றிப் பாடினார்கள், ரோந்துப் படையோடு கைகலந்தார்கள். பெரும்பாலோர் பதினாலு வயதில் பள்ளி முடித்து ஆலைக்குப் போனவர்கள். சொந்தச் சம்பளம் இருந்தது, அமைப்பு தரும் எதுவும் தேவைப்படவில்லை. ஹாம்பர்க்கில் ஹெல்முட் ஹ்யூபனர் என்ற பையன் லண்டன் வானொலியை ரகசியமாகக் கேட்டுத் துண்டறிக்கை எழுதினான். 1942 அக்டோபர் 27 அன்று, பதினேழு வயதில், தலை துண்டிக்கப்பட்டான். அவனோடு சேர்ந்தவர்களில் இருவர் அவனுடைய சிறிய மார்மன் தேவாலயத்து நண்பர்கள். ஹிட்லருக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பிய வெள்ளை ரோஜா மாணவர் குழுவின் ஹான்ஸ் ஷோல் ஒரு காலத்தில் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் ஆர்வமான தலைவன். அதே ஆண்டுகளில் தடைசெய்யப்பட்ட வேறோர் இளைஞர் குழுவின் பாட்டுகளும் நட்பும் அவருக்கு இருந்தன.

ஆலை நண்பர்கள், ஒரு தேவாலயம், ஒரு பழைய குழு. மூன்று இடத்திலும் மறுத்த பிள்ளைகளுக்கு, அமைப்புக்கு வெளியே நம்பிப் பேச நாலு பேர் இருந்தார்கள். தனியாகப் புத்தகம் படித்து மனம் மாறியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் செயலில் இறங்கியவர்களைத் தேடிப் போனால் திரும்பத் திரும்ப அகப்படுவது இப்படி ஒரு சிறு வட்டம்தான்.

1944 நவம்பர் 10 அன்று கொலோன் நகரின் ஏரன்ஃபெல்ட் பகுதியில் 13 பேர் விசாரணையே இல்லாமல் தெருவில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் எடெல்வைஸ் குழுவோடு தொடர்புள்ள பதின்வயதினரும் இருந்தார்கள். பார்த்தலோமேயஸ் ஷிங்குக்குப் பதினாறு வயது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும் அரசுக் கோப்புகளில் அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். எதிர்ப்புப் போராளிகள் என்று கொலோன் நிர்வாகம் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2005இல்.